சபுராவின் மெயில் யார் கையில்?

மேசைமேல் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாம் பெண்கள். காது தெரிய, சிரிக்காமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராக நெருக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு செல்போன் கிடந்தது. அது ஒருமுறை 'டிங்' என்றது.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

செல்போன் அவருடையது. அதில் வந்த ஆறு எண்கள் அவருடையவை அல்ல. என் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த சபுராவுடையவை. சபுராவின் மெயிலைத் திறக்கும் சாவி, சபுராவே கேட்டு வரவழைத்தது, ஒரு முழத் தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"என்ன நம்பர் வந்துருக்கு, சொல்லுங்கண்ணே" என்றார் சபுரா.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு தங்கச்சி? போனை இப்படிக் குடு, நான் அமுக்கித் தர்றேன்" என்றார் அவர்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு அன்பர், 'அம்மா, உங்கள் எழுத்தில் கோபம் கொஞ்சம் தூக்கல்' என்று கடிதம் போட்டிருக்கிறார். குழம்பில் உப்பு தூக்கல் என்றால் தண்ணீர் ஊற்றலாம். இதற்கு எதை ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவரே சொல்லட்டும்.

பதினோரு பேரும் ஒரு விதியும்

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியவில்லை. வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கும், போய்விட்டு விடுப்பில் வந்திருக்கிற பெண்களுக்கும் செல்போன் பயன்படுத்தச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது. சரி என்றேன்.

அதிராம்பட்டினத்தில் ஓர் அரிசி மண்டியின் மாடி. கீழே மூட்டை இறக்கினால் மேலே தரை அதிரும். தவிட்டு வாசனை எப்போதும் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துக் காற்று வந்து உதட்டில் கரிக்கும். செவ்வாய், வியாழன் காலை பத்து மணிக்கு வகுப்பு. பதினோரு பேர். கடற்கரைத் தெருக்களிலிருந்து ஆறு பேர், உள்ளே வயல் பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்து பேர். நடவுக்கு மெஷினும் வெளிமாநிலத்து ஆட்களும் வந்துவிட்ட பிறகு, நாற்று பிடித்த கையோடு மஸ்கட்டுக்குப் பாத்திரம் கழுவப் போனவர்கள் அந்த ஐந்து பேரும்.

முதல் நாள் வகுப்பில் நான் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான், பதினோரு தடவை. போனில் ஏதாவது சிக்கினால் உடனே அதை இன்னொருவரிடம் நீட்டினார்கள். கேட்டால், வீட்டில் அப்படித்தான் என்றார்கள். மகன் வாங்கி அமுக்குவான், மருமகன் வாங்கி அமுக்குவார், செல்போன் கடைக்காரர் அமுக்குவார். ராஜேஸ்வரி என்ற பெண் சொன்னார்: "போன் என்னுதுதான் டீச்சர். ஆனா நான் தொட்டா கெட்டுப் போயிடும்னு எம் மவ சொல்லுவா."

தனி ஆளாக விமானம் ஏறி, தெரியாத ஊரில், தெரியாத மொழியில், பத்துப் பேருக்குச் சமைத்து அவர்கள் பிள்ளைகளை வளர்த்துவிட்டு வந்தவர். இவர் தொட்டால் போன் கெட்டுப்போய்விடுமாம்.

அன்றைக்கு ஒரு விதி போட்டேன். யார் போனோ அவர் விரல். பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லலாம், கையால் தொடக்கூடாது. உதவி செய்ய ஆசை வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். டீச்சருக்கும் அதே விதி. யாராவது கையை நீட்டினால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து "கை பின்னால" என்பார்கள். ஒரு வாரத்தில் அது விளையாட்டாகிவிட்டது.

விளையாட்டுக்குள் ஒரு வேதனையும் இருந்தது. சபுராவின் விரலைத் திரை மதிக்கவே இல்லை. மற்றவர்கள் ஒருமுறை தொட்டால் நகர்கிற இடத்தில் அவர் நான்கு முறை தொட வேண்டும். வருஷக்கணக்காகப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறி விரல் நுனி காய்ந்து வழவழவென்று இருந்தது. ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினும் அவரைத் தெரியாது என்றுதான் சொல்கிறதாம். ஈரக் கைக்குட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதில் விரலைத் தொட்டுத் தொட்டு அமுக்குவார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. கையைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனம் ஒரு படிவம் கொடுத்திருந்தது. பெயர், வயது, ஊர், எழுதப் படிக்கத் தெரியுமா. சபுராவிடம் கேட்டேன். "தமிழ் எழுத்துக் கூட்டக்கூட வராது டீச்சர், பள்ளிக்கூடம் போகலை" என்றார். 'இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அலுவலகத்தில் பெயர். அந்த 'இல்லை'யையும் அழகாகவே எழுதினேன்.

"மூன்று நிமிடம் ஆகிவிட்டது"

கை பின்னால் என்ற விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்கு டிரங்க் கால் போட்ட காலத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தால் தொலைபேசி நிலையத்து வாசலில் இந்தப் பக்கத்துப் பெண்கள் காத்திருப்பார்கள். புருஷன் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். ஆனால் பெண் தனியாக வரமாட்டாள். கொழுந்தனாரோ மாமனாரோ கூட வருவார். லைன் கிடைத்ததும் போன் கூண்டுக்குள் அவர் போவார். ரிசீவர் அவர் காதில். மழை, வயல், வீட்டுக் கூரை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே அவள் காதில் வைப்பார். அவள் கைக்குக் கொடுக்கமாட்டார். அவளுக்கு 'நல்லா இருக்கேன்' என்று சொல்லத்தான் நேரம் இருக்கும்.

அந்த நேரத்தில் லைனில் புகுந்து, "மூன்று நிமிடம் ஆகிவிட்டது" என்று சொல்கிற குரல் என்னுடையது. விதி அப்படி. நானும் விதிப்படி நடந்துகொண்டேன். கல்யாணமான நான்காம் மாதத்தில் புருஷனை அனுப்பிவிட்டு வந்து நின்ற ஒரு பெண், "அக்கா, மாமனார் பேசியே மூணு நிமிஷம் ஓடிடுச்சு, எனக்கு ஒரு நிமிஷம் தாங்க" என்று கூண்டுக்கு வெளியே வந்து கெஞ்சியது இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த கால் காத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு போன் இருக்கிறது, காலம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ரிசீவரை இன்னும் வேறு யாரோதான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பத்தேழு

சபுரா குவைத்தில் ஒரே வீட்டில் ஏழு வருடம் இருந்தவர். கணவர் இறந்து, ஒரே மகளைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டுப் போனவர். அந்த வீட்டில் அடி கிடையாது, பட்டினி கிடையாது. ஆனால் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கையில் தருவார்கள்.

"உம்மா மௌத்தாப் போனது திங்கக்கிழமை. எனக்குத் தெரிஞ்சது வெள்ளிக்கிழமை" என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார். "அத்தனை நாளும் போன் அலமாரிக்குள்ள அடிச்சிக்கிட்டே கிடந்துருக்கு. நான் அந்த அலமாரியத் தொடச்சிருக்கேன் டீச்சர்."

கீழே யாரோ மூட்டையைப் போட்டார்கள், தரை அதிர்ந்தது.

மகள் படித்து முடிக்கும்வரை மறுபடி போயாக வேண்டும். எந்த வீடானாலும் சரி, அந்த வீடு மட்டும் வேண்டாம் என்று ஏஜென்டிடம் சொல்லியிருந்தார். ஏஜென்ட் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். ஒரு டாக்டர் வீடு, ஒரே ஒரு வயதான அம்மாள், வேலை குறைவு. வேலை ஒப்பந்தப் பேப்பரைக் காட்டுங்கள் என்று சபுரா கேட்டிருக்கிறார். "ஏர்போர்ட்டில் தர்றேன். உனக்குப் படிக்கவா தெரியும்" என்று பதில் வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். பத்திரமாக இருக்கட்டுமாம்.

அந்தப் பேப்பர் சபுராவின் மெயிலுக்குத்தான் வரும். சபுராவுக்கு மெயில் இருக்கிறது என்பதே சபுராவுக்குத் தெரியாது. பழைய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் ஒன்றில் முகவரி இருந்ததை நான்தான் பார்த்தேன். மற்றவர்களையும் வீட்டில் தேடச் சொன்னேன். எட்டுப் பேருக்கு இருந்தது. எட்டுப் பேருக்கும் பாஸ்வேர்டு தெரியாது.

சரி, மறந்துவிட்டது என்று சொல்லித் திறக்கலாம் என்று எட்டுப் பேரையும் அவரவர் போனில் அமுக்கச் சொன்னேன். ரகசிய எண்ணை எந்தப் போனுக்கு அனுப்பட்டும் என்று திரை கேட்டது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது.

"நாற்பத்தேழு. இது என் நம்பர் இல்லையே" என்றார் சபுரா.

"எனக்கும் நாப்பத்தேழுதான் வருது" என்றார் ராஜேஸ்வரி.

மூன்றாவது ஆளுக்கும் நாற்பத்தேழு. எட்டில் ஆறு பேருக்கு அதே நாற்பத்தேழு. அது யார் நம்பர் என்று ஆறு பேருக்கும் மனப்பாடம். அந்த நம்பரைத்தான் அவர்கள் குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும், ஏதாவது ஆபத்து என்றால் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்துக்கு அர்த்தம் இல்லை.

சபுரா ஈரக் கைக்குட்டையில் விரலைத் தொட்டு, "அடுத்து என்ன அமுக்கணும் டீச்சர்" என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்படிக் குடுங்க" என்று போனைப் பிடுங்கினேன். ஏஜென்ட் என்ன பாஸ்வேர்டு வைத்திருப்பான், பெரிய புத்திசாலியா, என்று நினைத்துக்கொண்டு சபுராவின் பெயரைப் போட்டேன். பெயரோடு பிறந்த வருடம். பெயரோடு ஊர். பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. மளமளவென்று அமுக்கினேன். "கை பின்னால" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நிறுத்தவில்லை. கடைசியில் நிறையத் தடவை தவறு செய்துவிட்டீர்கள், பிறகு முயலவும் என்று திரை மூடிக்கொண்டது.

கால் மணி நேரத்தில் சபுராவின் போன் அடித்தது. நாற்பத்தேழு. வகுப்பே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, யாரோ உன் மெயிலை உடைக்கப் பாக்குறாங்கன்னு எனக்கு மெசேஜ் வருது. யார்கிட்டயும் போனைக் குடுக்காதே. அப்புறம், டிக்கெட்டை முந்தி மாத்திட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பணும்."

பத்து நாள் இருந்தது மூன்று நாளாகிவிட்டது, என்னால். மன்னித்துவிடுங்கள் என்றேன். சபுரா குரலை உயர்த்தவில்லை. நான் அமுக்கிய திரையை முந்தானையால் துடைத்தார்.

"அவரும் இப்படித்தான் டீச்சர். 'இப்படிக் குடு'ன்னுதான் முதல்ல வாங்குனாரு."

முப்பது வருட வேலையில் எத்தனையோ மெமோ வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

மறுபடி அந்தக் கண்ணாடி மேசை

மறுநாள் காலை பட்டுக்கோட்டையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஏஜென்டின் அலுவலகத்துக்கு நானும் சபுராவும் போனோம். "நீங்க வரலாம் டீச்சர். ஆனா பேச வேணாம்" என்று பஸ்ஸிலேயே சபுரா சொல்லிவிட்டார். அதனால்தான் ஆரம்பத்தில் நான் டீ வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏஜென்ட் கொடுமைக்காரர் மாதிரி இருக்கவில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை, பேச்சுக்குப் பேச்சு தங்கச்சி. என்னைப் பார்த்து, "மேடம், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எத்தனையோ பேருக்கு நான்தான் மெயில் போட்டுக் குடுத்து, ஃபாரம் நிரப்பி, கையெழுத்து போடற இடம்கூடக் காட்டிவிட்டு அனுப்பிருக்கேன். ஒரு நன்றி உண்டா" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். தான் உதவி செய்வதாக அவர் நம்பினார்.

கவிழ்த்து வைத்த போனில் கிடந்த எண், கொஞ்ச நேரத்தில் செல்லாமல் போய்விட்டது. சபுரா கைக்குட்டையில் விரலைத் தொட்டு, தன் போனில் மறுபடி கேட்டார். டிங். ஏஜென்ட் எடுத்துப் பார்த்துக் கவிழ்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. சபுரா மறுபடி கேட்டார். டிங்.

சுவரோரப் பெஞ்சில் இரண்டு பெண்கள் படத்தோடும் ஜெராக்ஸோடும் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள். "அது என்னக்கா நம்பரு?"

"என் மெயிலோட சாவி" என்றார் சபுரா. "உங்களுக்கும் இருக்கும். அதுவும் அண்ணன்கிட்டதான் இருக்கும்."

இரண்டு பெண்களும் ஏஜென்டைப் பார்த்தார்கள்.

"டிக்கெட் போட்டாச்சு தங்கச்சி. சும்மா பிரச்சினை பண்ணாதே."

"நீங்க போட்டீங்க. ஏற வேண்டியது நான்தானே. பேப்பரைப் பாக்காம ஏற மாட்டேன்."

அவர் பெஞ்சைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கடைசியில் நிமிர்த்தி, எரிச்சலோடு ஆறு எண்களையும் சொன்னார். சபுரா ஒவ்வொன்றாக அமுக்கினார். நான்காவது எண்ணைத் திரை வாங்கவில்லை. கைக்குட்டையைத் தொட்டு மறுபடி அமுக்கினார். என் கைகள் இரண்டும் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தன.

மெயில் திறந்தது. வேலை ஒப்பந்தம் இரண்டு பக்கம். நான் எட்டிப் பார்த்தேன். சபுராவின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தன. மிச்சமெல்லாம் அரபி. எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

ஏஜென்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தாச்சா? படிக்கத் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு."

சபுரா விரலை வலது ஓரத்தில் வைத்தார். இடப்பக்கமாக நகர்த்தினார். சிறு வயதில் மதரஸாவில் ஓதிய மாதிரி, எழுத்தெழுத்தாக, ராகம் போடாமல், வாய்விட்டுப் படித்தார். ஓதிப் பழகிய எழுத்து அது. அதன் அர்த்தத்தை ஏழு வருடம் அந்த வீட்டுப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றிருக்கிறார். ஒரு பெயரில் விரல் நின்றது.

"இது டாக்டர் இல்லையே" என்றார்.

"அந்தப் பேரு அங்க ஆயிரம் பேருக்கு இருக்கும்."

"பிளாக் நாலு, தெரு பதினொண்ணு, வீடு ஒம்பது. ஏழு வருஷம் நான் கழுவுன வாசல் அண்ணே."

ஏஜென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவர், "அவங்க உன்னையேதான் கேட்டாங்க. பழகின ஆளு வேணுமாம். உன்மேல அவ்வளவு பிரியம்" என்று இழுத்தார். பிரியமாம். ஓர் உம்மாவின் சாவை நான்கு நாள் அலமாரியில் பூட்டி வைத்த பிரியம்.

'எழுதப் படிக்கத் தெரியுமா: இல்லை' என்று எழுதிய என் கை நாற்காலிக்குப் பின்னால் மரத்துப் போயிருந்தது. அந்த வாரமே அதை அடித்து 'ஆம், அரபி' என்று எழுதி அனுப்பினேன். தமிழும் ஆங்கிலமும்தான் கணக்கு, திருத்தி அனுப்பவும் என்று நிறுவனத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. நானும் திருத்தாமல் திருப்பி அனுப்பினேன். இதுவரை நான்கு தடவை போய் வந்திருக்கிறது.

"போனைக் குடு தங்கச்சி, என்னன்னு நான் பாக்குறேன்" என்று அவர் மேசைக்கு மேல் கையை நீட்டினார்.

"கை பின்னால அண்ணே" என்றார் சபுரா.

வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியதில் வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. அவருக்கு அது புரிய வழியில்லை. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டைத் தாங்க. நான் போகலை."

"ஒரு மாசத்துல என்கிட்டதான் வந்து நிப்பே."

"வந்தா வர்றேன். அப்பவும் பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கும்."

அவர் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட ஒரு பாஸ்போர்ட் கட்டு. அதிலிருந்து ஒன்றை உருவிக் கண்ணாடிமேல் போட்டார். பெஞ்சில் இருந்த பெண்கள் இருவரும் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்து, கட்டில் மிச்சம் இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிச்சம் மூன்று

பேருந்து நிலையத்தில் வெயில். அதிராம்பட்டினம் பஸ் வரவில்லை. மகளின் படிப்புக்கு இனி என்ன செய்வது என்பது இருவர் மனதிலும் இருந்தது. வேறு ஊர், வேறு ஏஜென்ட், வேறு வீடு என்று தேட வேண்டும். தேடினோம், கிடைத்தும் இருக்கிறது, அது இன்னொரு கதை.

"முதல்ல அந்த நாற்பத்தேழை எடுத்துட்டு உங்க நம்பரைப் போடணும் சபுரா. அவர் பூட்டறதுக்குள்ள. இப்படிக்—" என்றேன். என் கை ஏற்கெனவே நீண்டிருந்தது.

சபுரா என் கையைப் பார்த்தார். நானே பின்னால் கட்டிக்கொண்டேன். அறுபது வயது தாண்டியவள், நடு பஸ் ஸ்டாண்டில், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றேன்.

அவர் நிதானமாக, ஈரம் காய்ந்துபோன கைக்குட்டையை விட்டுவிட்டு விரல் நுனியில் ஊதி ஊதி, பழைய நம்பரை அழித்துத் தன் நம்பரைப் போட்டார். டிங். இந்தமுறை சத்தம் அவர் கையிலிருந்தே வந்தது.

"வந்துருச்சு டீச்சர்" என்றார். எண்களைச் சத்தமாகப் படித்தார். "எட்டு. ரெண்டு. அஞ்சு."

சட்டென்று நிறுத்தினார். யார் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லக்கூடாது, டீச்சர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று முதல் வாரம் நான் கற்றுக்கொடுத்த பாடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரையை எனக்குத் தெரியாமல் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, மிச்சம் மூன்றையும் வாய்க்குள் சொல்லி அமுக்கினார்.

அந்த மூன்று எண்கள் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.